டவுன் பஸ் தூரத்தில் ஒரு மாப்பிள்ளை

கம்பத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி சொர்ணலதா, வியாபாரிகள் கொண்டுவரும் ஏலக்காயை ரகம் பிரித்துக் கொடுக்கும் தொழில் செய்துவந்தாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஆறு பெண்கள். கூலி கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினாள். மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு வேளை டீ, வடை. காதுகுத்துக்கு மொய். வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு. தலைவலி மாத்திரை மட்டும் என் கணக்கு. நான் நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். கோபப்படுவதுகூட அவளுக்குச் செலவுதான். இன்று ஒருத்தியைத் திட்டினால், நாளை விடியும்போது அவள் மலைத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏறியிருப்பாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு கல்யாணம். ஒரு பெண்ணுக்குக் கண்ணும் கையும் பழக இரண்டு சீசன் ஆகும். பழகியதும் கழுத்தை நீட்டிவிட்டு வெளியூர் போய்விடுவாள். 2003இல் நாகஜோதிக்கு வரன் வந்தது. மற்றவர்கள் பிரித்ததைச் சரிபார்ப்பவள் அவள்தான். அவள் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அவளுடைய அப்பா முத்துக்கருப்பன் வந்து, வெள்ளிக்கிழமை திருப்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகஜோதி அழவில்லை, எரிச்சல்பட்டாள்.

"அங்கன போனா பனியன் கம்பெனிதான்க்கா. இங்கன நான் ஒண்ணு சொன்னா அஞ்சு பேரு கேக்குறாக. அங்கன போயி முதல்லருந்து நூல் பிசிறு வெட்டணும்."

"உங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'அப்ப நீயே பக்கத்துல ஒருத்தனக் காட்டு'ங்கிறாரு."

சொர்ணலதா நேராக என் அடுப்படிக்கு வந்தாள். "மதினி, நீங்க ஊசி போடாத வீடு இந்தப் பக்கம் இருக்கா? டவுன் பஸ் ஓடுற தூரத்துல ஒரு மாப்பிள்ள சொல்லுங்க."

காமயகவுண்டன்பட்டியில் சுப்புத்தாய் என்பவள் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது கட்டு மாற்றப் போயிருக்கிறேன். அவள் மகன் சுருளிராஜன் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவன். அம்மாவுக்குத் தானே பெட்பேன் வைத்து, கழுவி, துடைத்துப் பவுடர் போடுவான். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஜாதகத்தை விட எனக்கு அது போதும். முத்துக்கருப்பனுக்குத் தூரத்து உறவு, முறையும் சரியாக வந்தது.

"மாமியார் எப்படி?" என்றாள் சொர்ணலதா.

"இடுப்புதான் உடஞ்சது. வாய்க்கு ஒண்ணும் ஆகல."

மறுநாளே முத்துக்கருப்பனை அழைத்துக்கொண்டு போனோம். பையன் நாகஜோதியைத் திருவிழாவில் பார்த்திருக்கிறான். உடனே சரி என்றான். சுப்புத்தாய்தான் இழுத்தாள்.

"மருமக வேலைக்குப் போவாளாக்கும்?"

"ஆமாத்தா, போவா" என்றாள் சொர்ணலதா.

"மகன் தோட்டத்துக்கு, மருமக கம்பத்துக்கு. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கவா? அவ வந்தா நானும் வருவேன். எனக்கும் வேல குடு."

முத்துக்கருப்பன் சிரித்துவிட்டார். "பொண்ணக் குடுக்க வந்தா, மாமியாளுக்கும் வேல பாத்துக் குடுக்கணும் போலருக்கே!"

சொர்ணலதா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

"சரி, வாங்க. ஆனா அரைக் கூலிதான்."

"அரைக் கூலிக்கு அரைவாசிதான் பேசுவேன். பரவாயில்லையா?"

"அதுக்கு நான் முழுக்கூலியே தருவேனே!"

திருப்பூர்க்காரர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கல்யாணமும் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை மாமியாரும் மருமகளும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சுப்புத்தாய்க்குத் தரையில் உட்கார முடியாது. நாற்காலி வாங்க வேண்டியதாயிற்று. கண்ணில் புரை வேறு. பச்சைக் காயும் வெளுத்த காயும் அவளுக்கு ஒன்றுதான். அவளால் முடிந்தது பேச்சு மட்டும். அந்த வாரம் பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதி வேலைகூட நடக்கவில்லை. "பொண்ணக் காப்பாத்தி வேலையக் கெடுத்துக்கிட்டேன் மதினி" என்று சொர்ணலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒன்றைக் கவனித்தோம். யாருமே லீவு போடவில்லை. கொட்டகைப் பெண்களில் மூன்று பேர் முன்பிருந்தே காமயகவுண்டன்பட்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது யாராவது ஒருத்திக்குப் பஸ் தவறும். இப்போது சுப்புத்தாய் பஸ் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, தெருப்பக்கம் திரும்பி, ஒவ்வொருத்தி பேராய்ச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம்.

"ஏ ஆத்தா, ஏறு இல்ல இறங்கு!" என்றாராம் கண்டக்டர்.

"இடுப்பு ஒடிஞ்சவள அவசரப்படுத்தாதப்பா. மெதுவாத்தான ஏற முடியும்?"

கடைசிப் பெண் ஓடி வந்து ஏறும்வரை அவளுக்கு இடுப்பு வலிக்குமாம். அதன் பிறகு வலி போய்விடும்.

வேலையும் மெல்லச் சரியானது. கையை ஓட்டிக்கொண்டே சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். சீசன் முடிவதற்குள் நாகஜோதி முழுகாமல் இருந்தாள். குழந்தை பிறந்தபின் வேலைக்கு வருவாயா என்று கேட்கச் சொர்ணலதாவுக்குப் பயம். சுப்புத்தாயே பேச்சை எடுத்தாள்.

"வராம? இந்த உத்தரத்துல தொட்டிலுக்கு ஒரு கொக்கி போடு. நான் ஆட்டிக்கிடுறேன்."

"கொட்டகையில தூசி. பிள்ளைக்கு ஆகாது" என்றேன் நான்.

"அப்ப முன்னறையில போடு."

"முன்னறை என் வீடுத்தா!" என்றாள் சொர்ணலதா.

"அதான் சொல்றேன். ஃபேன் இருக்கு."

கொக்கி அடிக்க ஆள் கூட்டி வரச் சொர்ணலதா செருப்பைத் தேடினாள்.