பனங்கட்டி போட்ட முகடு

எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. சீதன வீடு பெண்ணின் பெயரில் இருப்பது யாழ்ப்பாணத்தில் ஒரு புதினமில்லை. ஆனால் அது என் கைக்கு வர எட்டு வருடம் எடுத்தது. கலியாணத்தின்போது அப்பாவால் அத்திவாரம் மட்டுந்தான் போட முடிந்தது. பிறகு சண்டை, பாதை அடைப்பு, சாமான் இல்லை என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. அந்த எட்டு வருடமும் நானும் கணவரும் அவருடைய தமையன் வீட்டில் ஓர் அறைக்குள் குடித்தனம் நடத்தினோம்.

தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரிடம் கேட்கவேண்டும். கேட்டால், "வேண்டாம் பிள்ளை, உந்தச் சுவர் வெடிச்சுப்போம்" என்பார். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் சுவர் வெடித்துப்போகும் என்றுதான் சொன்னார். என் சேலைகள் எட்டு வருடமும் கதவில் தொங்கின.

தென்மராட்சியில் எங்கள் சொந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்கள் போனதும் நான் செய்த முதல் வேலை விறாந்தைச் சுவரில் ஓர் ஆணி அடித்ததுதான். அதில் தொங்கவிட எதுவும் இருக்கவில்லை. சும்மாதான் அடித்தேன். கணவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்று மாதம் போயிருக்காது, பக்கத்து ஊரில் பொம்பர் விமானம் குண்டு போட்டது. எங்கள் வளவில் ஒன்றும் விழவில்லை. வீட்டை ஒருதரம் தூக்கிவாரிப் போட்டது, அவ்வளவுதான். தப்பினோம் என்று இருந்தபோது ஆவணியில் ஒரு சிறு மழை வந்து எங்கள் கட்டிலின் நடுவில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தால் முகட்டில் கோடு கோடாக வெளிச்சம். முகட்டு ஓடுகளைப் பிடித்திருந்த சீமெந்துப் பூச்சு தலைமாடு தொடங்கிக் கால்மாடு வரைக்கும் வெடித்திருந்தது.

கணவருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. ஈரம் பட்டால் நெஞ்சு குழல் ஊதத் தொடங்கிவிடும். அன்றிலிருந்து இரண்டு நாள் கதிரையில் குந்தியபடியே மூச்சு விட்டார். சேதி அறிந்து அத்தான் சைக்கிளில் வந்தார்.

"ஐப்பசி பிறந்த உடனை வண்டிலோடை வாறன். வீட்டைப் பூட்டிப்போட்டு மாரி முடியுமட்டும் எங்களோடை வந்து இருங்கோ" என்றார்.

பூட்டிய வீட்டுக்கு அந்தக் காலத்தில் ஆயுள் குறைவு. முதலில் கதவு நிலை போகும், பிறகு யன்னல், பிறகு ஓடு. எஞ்சிய சுவரைப் பார்க்கத்தான் சொந்தக்காரர் திரும்பி வருவார். மாரி முடிய வருவோம் என்று போனவர்கள் எத்தனை பேர் வந்தார்கள்? திரும்பவும் அந்த அறை, அந்தக் கதவு, அந்தச் சேலைகள். என்னால் முடியாது என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் நியாயமாகத்தான் பேசினார். "ஐப்பசிக்கு முதல் ஒழுக்கு நிண்டால் இருப்பம். நிக்காட்டில் போவம். என்ரை நெஞ்சு தாங்காது."

ஒழுக்கை நிறுத்த சீமெந்து வேண்டும். குடாநாட்டுக்குள் சீமெந்து வரத் தடை. ஒரு பை சீமெந்தைக் கண்ணால் கண்டவரை ஊரில் அதிசயமாகப் பார்த்தார்கள். அடுத்த வளவில் இருந்தவர் கட்டட வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எங்கள் கூரையை ஒரு பார்வை பார்த்தார்.

"ரீச்சர், அந்தக் காலத்திலை சீமெந்தே இருந்தது? சுண்ணாம்பும் மணலும் குழைச்சு, பனங்கட்டித் தண்ணி விட்டுத்தான் கட்டினவை. ஆனா இப்ப உது சரிவராது. பக்குவம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சரிவராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். கணவரைச் சூளைக்கு அனுப்பி ஒரு சாக்குச் சுண்ணாம்புக் கல் எடுப்பித்தேன். தொட்டியில் போட்டு நீற்றினேன். முகட்டு ஓடுகளில் உடைந்தவற்றுக்குப் பதிலாக மாட்டுக் கொட்டிலின் முகட்டு ஓடுகளைக் கழற்றினேன், கொட்டிலைக் கிடுகால் வேய்ந்தேன். கணவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஆகவே அவருடைய பழைய சாரத்தை மடித்துக் கட்டி, சட்டையும் போட்டுக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். ஓவசியர் வீட்டு வேலியில் அன்றைக்குத் திடீரென்று எட்டிப் பார்க்கிற ஓட்டையாக இரண்டு பொட்டு முளைத்தன. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிழை பனங்கட்டியில்தான் வந்தது. சீனி அப்போது குதிரைக் கொம்பு. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத்தான் வெறுந்தேத்தண்ணி குடிப்போம். கணவருக்கு இருந்த ஒரே சந்தோசம் அது. அவர் குசினியிலிருந்து ஓலையில் பின்னிய இரண்டு குட்டான் பனங்கட்டியைத் தாமாகவே கொண்டுவந்து தந்தார். யாழ்ப்பாணத்தாளின் கை அல்லவா, வீட்டுக்கு வந்தவருக்குக் குறைத்துக் கொடுத்துப் பழக்கமில்லை. சுண்ணாம்பும் விருந்தாளி என்று நினைத்தேனோ என்னவோ, ஒரு குட்டானை அப்படியே கரைத்து ஊற்றிவிட்டேன். விஞ்ஞானம் படித்த மூளை அந்த நேரம் எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது.

முகடு முழுக்கப் பூசி முடித்து இறங்கினேன். மூன்றாம் நாள் மாமரக் கிளையிலிருந்து கூரைக்கு ஒரு கறுப்புக் கோடு. கிட்டப் போய்ப் பார்த்தால் எறும்பு. தென்மராட்சி எறும்பெல்லாம் எங்கள் வீட்டில் பந்தி வைத்திருந்தது. ஏறித் தொட்டுப் பார்த்தேன். பூச்சு இறுகவேயில்லை, நகம் உள்ளே போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓவசியர், "ரீச்சர் முகட்டிலை அலுவா கிண்டினவ" என்று யாருக்கோ சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. கூரையில் இருந்தபடியே அவ்வளவையும் சுரண்டித் தள்ளினேன். கணவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார். திறந்திருந்தால் அவருடைய தலையிலும் ஒரு கட்டி விழுந்திருக்கும்.

அடுத்த நாள்தான் ஆசிரியைக்குப் புத்தி வந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளை வரிசையாக வைத்தேன். ஒன்றில் பனங்கட்டி இல்லை, ஒன்றில் ஒரு கரண்டி, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஆறு வரைக்கும். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரே அளவு சுண்ணாம்பும் மணலும் பொடியாக வெட்டிய தென்னந்தும்பும் குழைத்து உருண்டை பிடித்துக் கிணற்றுக் கட்டில் காயவைத்தேன். பத்து நாள் கழித்துத் தண்ணி வாளிக்குள் போட்டேன். பனங்கட்டி இல்லாத உருண்டை கரைந்து போனது. ஐந்தும் ஆறும் களியாகவே கிடந்தன. இரண்டு கரண்டி உருண்டையை எடுத்துக் கிணற்றுக் கட்டில் அடித்தேன். கட்டுத்தான் கொஞ்சம் பெயர்ந்தது. அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒருதரம் நடந்தேன். ஓவசியர் வீட்டு வேலிப் பக்கம் கொஞ்சம் ஆறுதலாகவே நடந்தேன்.

இரண்டாம் முறை பூசிக்கொண்டிருந்தபோது வானத்தில் இரைச்சல் கேட்டது.

"இறங்கும்! இறங்கும்!" என்று கணவர் கத்தினார்.

இறங்கினேன், குழைத்த சுண்ணாம்பு இருந்த இரும்புத் தாச்சியோடு. விட்டுவிட்டுப் போனால் அது இறுகிவிடும், பிறகு குழைக்கப் பனங்கட்டி கிடையாது. வளவில் வெட்டியிருந்த பதுங்கு குழிப் பங்கருக்குள் கணவர் கண்ணை மூடித் தேவாரம் சொல்ல, நான் பக்கத்தில் குந்தியிருந்து தாச்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் பயந்தான். ஆனால் கிண்டுவதை நிறுத்தவில்லை. விமானம் எங்கோ போய்ச் சேர்ந்தது, நாங்கள் வெளியே வந்தோம், நான் மிச்சத்தைப் பூசினேன். அதன் பிறகு ஒரு மாதம் காலையும் மாலையும் ஈரச்சாக்குப் போட்டு அந்த முகட்டைப் பிள்ளைக்குப் பார்ப்பது போலப் பார்த்தேன். கணவர் பனங்கட்டி இல்லாமல் தேத்தண்ணி குடித்தார். முகம் கோணியது, ஆனாலும் கோப்பையை முடித்தே வைத்தார்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மத்தியானம் அத்தான் சொன்னபடி மாட்டு வண்டிலோடு வந்து நின்றார். வானம் அதற்குள் கறுத்திருந்தது. மாட்டை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டுவதற்குள் மழை அடித்து ஊற்றியது. அத்தான் தெப்பமாக நனைந்து உள்ளே ஓடி வந்தார். நான் துவாய் கொடுத்தேன். அவர் சட்டையைக் கழற்றி அங்குமிங்கும் பார்த்துவிட்டு விறாந்தை ஆணியில் கொழுவினார்.

மூன்று பேரும் உள்ளே கட்டிலில் வரிசையாக இருந்து முகட்டையே பார்த்தோம். கதைத்தாலும் கேட்டிராது, ஓட்டில் அப்படி இரைச்சல். சட்டென்று தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கணவர் எழுந்தே விட்டார். பிறகுதான் பார்த்தேன், அது அத்தானின் வேட்டித் தலைப்பிலிருந்து விழுந்த சொட்டு.

இரண்டு மணித்தியாலம் பெய்தது. முகட்டிலிருந்து ஒரு துளி, ஒரேயொரு துளி வரவில்லை. நான் எழுந்து கட்டிலின் நடுவைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த துணி. அந்த நேரம் எனக்கிருந்த சந்தோசத்துக்கு மழைக்குள் ஓடிப்போய்க் கத்தவேண்டும் போலிருந்தது. அத்தானுக்கு முன்னால் என்றபடியால் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

தேத்தண்ணியைக் கையில் வாங்கியும் அவர் குடிக்கவில்லை. "அங்கை என்ரை மனிசி இப்ப சாமியறைக்குள்ளை வாளி வைச்சுக்கொண்டு நிப்பா" என்றார் மெல்ல. "அண்டைக்குப் பொம்பர் போட்ட குண்டுக்கு எங்கடை முகடும் வெடிச்சுப்போச்சு பிள்ளை."

"அப்ப எங்களை ஏன் அங்கை கூப்பிட்டனீங்கள்?"

"உங்கடை பழைய அறை மட்டும் ஒழுகேல்லை. தம்பியின்ரை நெஞ்சுக்கு ஆகுமெண்டு அதை ஒதுக்கி வைச்சனான். நாங்கள் விறாந்தையிலை படுக்கிறம்."

எட்டு வருடமாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்தது. மற்றப் பாதி என்னோடு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் மறுபடியும் முகட்டை அண்ணாந்து பார்த்தார். "எவ்வளவு பனங்கட்டி போட்டனீர்?"

"அது சொல்ல மாட்டன் அத்தான். மழை விட்ட உடனை நானே வந்து பூசித் தாறன். ஆனா ஒண்டு. உங்கடை வீட்டுச் சுவரிலை நான் ஓர் ஆணி அடிப்பன்."

கணவர் புரைக்கேறி இருமினார். அத்தான் என்னைப் பார்த்தார், விறாந்தையில் தன்னுடைய சட்டை தொங்கிய ஆணியைப் பார்த்தார்.

"ரெண்டு ஆணி அடியும் பிள்ளை" என்றார்.

அடுத்த நாள் வெயில் எறித்தது. ஏணி, தாச்சி, கரண்டி எல்லாவற்றையும் அத்தானின் வண்டிலில் ஏற்றினோம். சுத்தியலை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.