துருப்பிடித்த தையல் மெஷின்

எழுபதுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சித்தூர் வீடு பூட்டியே இருந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், ஓடு ஒழுகி, தண்ணீரெல்லாம் என் தையல் மெஷின்மேல் இறங்கியிருந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்கள். சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

நகரியிலிருந்து வந்த அண்ணன் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கு இந்தத் துருவக் கட்டிக்கினு அழுவுற? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு என்கூட வா. ரெண்டு வேளை துன்னுட்டு நிம்மதியா இரு."

அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் அண்ணியும் நான்கு குழந்தைகளும் ஒரு மாடும் இருந்தார்கள். நான் போனால் நிம்மதியாக இருக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

"இது ஓடும்ணா. நான் தச்சிப் பொழச்சிக்கிறேன்" என்றேன்.

"சரி, கிறிஸ்மஸ் பண்டிக தாண்டி வரேன். ஓடுச்சின்னா இங்கயே இரு. ஓடலன்னா பேசாம கெளம்பிடணும்."

அன்றைக்கே உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த துலக்கல் பாத்திரத் துலக்கல்தான். பண்டிகைக்குப் பித்தளைக் குண்டானைத் தேய்ப்பதுபோல் புளியும் செங்கல் பொடியும் போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெருமையோடு படுத்தேன். காலையில் பார்த்தால் முன்னைவிடச் சிவப்பாகத் துரு பூத்திருந்தது. பித்தளைக்குச் செய்யும் உபசாரத்தை இரும்பு ஏற்காது என்று அப்போதுதான் புரிந்தது. மிச்சமிருந்த புளியைத் தூக்கி வாசலில் எறிந்தேன்.

பிறகு தண்ணீரைக் கிட்டே சேர்க்கவில்லை. கழற்ற முடிந்த பாகங்களை டால்டா டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். பிடித்துக்கொண்ட திருகுகளுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நாள் காத்திருந்து, மெல்லத் தட்டித் திருப்பினேன். துடைக்கத் துணி வேண்டியிருந்தது. வீட்டில் பழைய துணி என்றால் அவருடைய வேட்டிதான். கிழிக்கும்போது அழுதேன். பிறகு கிழித்த துணியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன், மண்ணெண்ணெய் நெடியில் இன்னும் கண் எரிந்தது.

எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துப் பூட்டி, தேங்காய் எண்ணெய் போட்டேன். அன்று மாலை மட்டும் மெஷின் ஓடியது. மறுநாள் மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து மறுபடி இறுகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் எட்டிப் பார்த்து, "மெஷினுக்குத் தலை வாரிப் பூவும் வெச்சுடம்மா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் வீட்டுக்குள் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். மறுபடி கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, சைக்கிள் கடையில் மெஷின் எண்ணெய் வாங்கிப் போட்டேன்.

சபைக்காரர்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். மற்ற நேரமெல்லாம் நானும் அந்த இரும்பும்தான். "கொஞ்சம் திரும்பேன்" என்று திருகிடம் கெஞ்சியிருக்கிறேன். வேலை இருந்தவரை தனிமை அவ்வளவாகத் தெரியவில்லை.

பண்டிகை முடிந்து அண்ணன் வந்தார். அவருடைய துணிப்பையின் பிய்ந்த காதை வாங்கி மெஷினில் வைத்து மிதித்தேன். தடதடவென்று ஓடியது. அவர் தையலை இழுத்துப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். காபி குடித்தார். "அப்ப நான் வரேன். பஸ்ஸுக்கு நேரமாய்க்கினு கீது."

"சாப்ட்டுட்டுப் போண்ணா."

"அங்க அவ காத்துக்கினு இருப்பா."

சொன்ன சொல் மாறாத மனிதர். தைத்துக் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வந்துடேன்" என்று அவர் இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், மெஷினை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் போயிருப்பேன்.