விரலுக்குத் தெரியாமல் போன கப்பல்கள்

கொரோனா ஓய்ந்து ஊர்கள் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த வருடம் அது. ஆடிக்காற்று அடங்கும் நேரம். நான் அருப்புக்கோட்டையில் கடை ஷட்டர்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், கேரளாவில் ஓட்டலில் மேஜை துடைத்திருக்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தபோது பெயிண்ட் வேலை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பிரஷ் பையும் ஒரு மாற்றுத் துணியுமாக ஊர் ஊராகப் போவதுதான் பிழைப்பு. வேலை இருக்கிற ஊரில் தங்குவேன், தீர்ந்ததும் பஸ் ஏறிவிடுவேன்.

அருப்புக்கோட்டையில் வேலை தீரும் சமயத்தில் நான் பெயிண்ட் வாங்குகிற ஹார்டுவேர் கடைக்காரர் கூப்பிட்டார். பாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

"லாரில எலுமிச்சம்பழம் வரைவியே, அதப் புளியங்கொட்டை மேல வரைய முடியுமா?"

"புளியங்கொட்டையில எதுக்கு பாய்?"

"முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

முடியும் என்று சொன்னேன். சாயங்காலம் என்னை வண்டியில் ஏற்றி நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன்கூடத்தில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாதான் ஓட்டினார். உள்ளே கட்டிலில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் தெரியாது. பிறவியில் இல்லை, சர்க்கரை வியாதியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவரை நான் அண்ணே என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டுப் பழகினேன்.

அவர் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்து குட்டிக் குட்டியாக விண்வெளிக் கப்பல்கள். பிளாஸ்டிக்கில் வார்த்தது, எல்லாம் சாம்பல் நிறம். சிலது சுண்டுவிரல் நகம் அளவு, பெரியது கட்டைவிரல் நீளம். ஒவ்வொன்றும் ஒரு குச்சித் தாங்கலில் பறப்பதுபோல் நிற்கும்.

கதை இதுதான். இவரும் பாயும் பரளச்சிப் பக்கம் ஒரு விவசாயியும் வளைகுடாவில் ஒரே கம்பெனியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்த அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை லீவில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கறுப்புத் துணியை விரித்து, கப்பல்களை நிறுத்தி, குச்சியால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை மாதிரி கட்டை உருட்டி ஒருவர் கப்பலை ஒருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். அவர் ஊருக்குப் போகும்போது பெட்டியை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவர்களும் ஊர் திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் இந்த வீட்டில் கூடி ஆடுகிறார்கள்.

கண் போன பிறகும் அண்ணன் ஆட்டத்தை விடவில்லை. மதினி கறுப்புத் துணியில் தடித்த நூலால் கட்டம் தைத்துக் கொடுத்திருந்தார். அதைத் தடவி இடத்தைக் கண்டுபிடிப்பார். கட்டையில் இருக்கிற குழிகளைத் தொட்டு எண்ணிக்கை சொல்வார். கப்பலைக் கையில் எடுத்தால் எது என்று சொல்லிவிடுவார். வாலில் இரண்டு துளை இருந்தால் வேவுக் கப்பல், நான்கு துளை இருந்தால் சண்டைக் கப்பல், முதுகில் வரிவரியாக இருந்தால் சரக்குக் கப்பல். தன்னுடைய கப்பல்களின் தாங்கலில் நூல் சுற்றி வைத்திருந்தார். கண் தெரிந்த மற்ற இரண்டு பேருக்கும்தான் எது யாருடையது என்று குழப்பம். எல்லாம் ஒரே சாம்பல்.

"கண்ணு தெரியாதவன் ஒழுங்கா ஆடுறேன். இவங்க ரெண்டு பேரும் ஏங் கப்பல், ஒங் கப்பலுன்னு வாரா வாரம் சண்டை. கலர் அடிச்சுக் குடுத்துருங்க தம்பி, எனக்கு நிம்மதி" என்றார் அண்ணன்.

பாய்க்கு நீலம், பரளச்சிக்காரருக்குச் சிவப்பு. அண்ணனிடம் உங்களுக்கு என்ன கலர் என்று கேட்டேன். மஞ்சள் என்றார். பார்வை மங்கும்போது கடைசிவரை மஞ்சள் மட்டும் தெரிந்ததாம்.

மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். சாப்பாடு மதினி வீட்டிலேயே. கப்பலைப் பாட்டில் மூடியில் ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, பிரஷில் நாலு மயிரை விட்டு மற்றதை வெட்டி எறிந்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது லாரி பெயிண்ட். அதையேதான் எடுத்தேன்.

தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் பூனைமுடி மாதிரி நிற்கும். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி ஒரு கோட் அடிப்பேன். மறுபடி தூசி. மறுபடி ஒரு கோட். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். லாரியில் அப்படித்தான் செய்வோம், தூசியை மூடிவிட்டால் பளபளப்பு வந்துவிடும். சிவப்புக் கப்பல்களின் மூக்கில் வெள்ளைக் கோடு இழுத்தேன். நீலத்தில் சின்னச் சின்ன நட்சத்திரம் வைத்தேன். மஞ்சளுக்குக் கறுப்புப் பட்டை. என் கையால் இவ்வளவு சின்னதாக எதையும் செய்ததில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பரளச்சிக்காரருக்கு மறுபடி விசா வந்திருந்தது. இதை விட்டால் அடுத்த ஞாயிறு ஒன்றுதான், அப்புறம் அவர் கிளம்பிவிடுவார். இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது.

பெட்டியைத் திறந்ததும் பாய், "ஏலே, புது லாரி மாதிரில்ல மின்னுது" என்றார். பரளச்சிக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அண்ணன் ஒரு மஞ்சள் கப்பலை எடுத்தார். உருட்டினார். வாலைத் தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார்.

"இது எதுலே?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் இன்னொன்றை எடுத்தார். அதையும் கீழே வைத்தார். நான் போய் ஒன்றை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். வாலில் துளையே இல்லை. முதுகில் வரியும் இல்லை. எல்லாம் பெயிண்டில் மூழ்கிப்போய் வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. கண்ணுக்குத் துளை இருந்த இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது. விரலுக்கு ஒன்றும் இல்லை.

இருந்தாலும் ஆட ஆரம்பித்தார்கள். "மாப்ள, ஒன் சண்டைக் கப்பல் இந்தா இருக்கு" என்று பாய் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் நகர்த்தினார். அடுத்த முறை தவறான கப்பலை எடுத்துவிட்டார். பரளச்சிக்காரர் உதவி செய்வதாக நினைத்து அவர் கையைப் பிடித்துச் சரியான கப்பல் மேல் கொண்டுபோய் வைத்தார். அண்ணன் கையை உதறி இழுத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆடுங்கலே. தறிச் சத்தத்துல எனக்குத் தல வலிக்கி."

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. எல்லோருக்கும் அது தெரியும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். பாய் துணியைச் சுருட்டினார்.

மதினிதான் என்னிடம் வந்து சொன்னார். "ஒங்களக் குத்தம் சொல்லல தம்பி. வேட்டி கட்டுறதுலேர்ந்து பஸ்ஸு ஏறுறது வரைக்கும் அவுகளுக்கு யாராச்சும் கையப் பிடிக்கணும். இந்த ஒண்ணுலதான் யாரும் பிடிக்கக் கூடாதுன்னு இருந்தாக. இனிமே உக்கார மாட்டாக."

மறுநாள் ராஜபாளையம் பஸ் ஏறுவதாக இருந்தேன். ஏறவில்லை. பெரிய மனசு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அடுத்த ஊரில் பிரஷ் பிடிக்கக் கை வராது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பெயிண்டை எடுக்க வேண்டும். முதலில் தின்னரைத் தொட்டு ஒரு கப்பலைத் துடைத்தேன். பெயிண்டும் வந்தது, கூடவே கப்பலும் வந்தது. மூக்கு உருகி வெல்லப்பாகு மாதிரி வளைந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. இந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. மறைக்க முடியாது, மறைக்கவும் தோன்றவில்லை. நேராக அண்ணனிடம் கொண்டுபோய்க் கையில் வைத்து, கெடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் வெகுநேரம் தடவினார். திட்டுவார் என்று நின்றேன்.

"எல்லாத்தையும் இப்படி உருக்கிட்டீகளா?"

"இல்லண்ணே. இது ஒண்ணுதான்."

"அப்ப மிச்சத்தையாவது நாசம் பண்ணாம வையிங்க" என்றார். உருகினதை என்னிடம் திருப்பித் தரவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்து யோசித்தேன். லாரிப் பட்டறையில் ஒரு தடவை புதிதாக அடித்த பானெட் மேல் யாரோ பிரேக் ஆயிலைச் சிந்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி எழுந்து வந்தது. ஆனால் அந்த ஆயில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் போய்க் கொஞ்சம் பிரேக் ஆயில் வாங்கிவந்து, ஒரே ஒரு கப்பலை மட்டும் ஊறப்போட்டேன். அன்று முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தேன். மறுநாள் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து நகத்தால் தடவினேன். வாலில் துளை, ஒன்று இரண்டு மூன்று நான்கு.

மிச்சத்தையும் ஊறப்போட்டு எடுத்தாயிற்று. ஆனால் மறுபடி அடித்தால் மறுபடி பஞ்சு பறக்குமே. தறியை நிறுத்துங்கள் என்று மதினியிடம் எந்த வாயால் கேட்பது? அவர் வீட்டுக்குச் சோறு போடுவதே அதுதான். அவரே ஒரு வழி சொன்னார்.

"நாளைக்கு மாசாந்திரக் கரண்டு கட்டு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தெருவுல ஒரு தறியும் ஓடாது. தரையில தண்ணி தெளிச்சுத் தாரேன். அடிச்சு முடிச்சிருங்க."

அன்று தெருவே அமைதியாக இருந்தது. காற்றில் தூசி இல்லை. லாரி பெயிண்டைத் தொடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் படம் வரைய வாங்குகிற, தண்ணீரில் கரையும் கலரை வாங்கி, நன்றாகத் தளர்த்தி, ஒரே ஒரு கோட் அடித்தேன். துளைக்குள் இறங்கினதைப் பல்குச்சியில் துணி சுற்றி உடனே எடுத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் விரல் தடித்த விரல். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வரி வரியாகப் பிடிபட்டது.

அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். மதினி ஏதோ சொன்னார். முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"வேவு" என்றார். அடுத்தது, "சரக்கு." அடுத்ததைக் கொஞ்சம் யோசித்தார். "இதுல ஒரு துளைய அடைச்சு வச்சிருக்கீக."

பல்குச்சியால் எடுத்துக் கொடுத்தேன். "ம், சண்டை" என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

முதலில் அடித்த அளவுக்கு மின்னவில்லை. நட்சத்திரமும் கோடும் இல்லை. மங்கலான நீலம், மங்கலான சிவப்பு, மங்கலான மஞ்சள். அடுத்த ஞாயிறு பாய் பெட்டியைத் திறந்ததும், "என்னப்பா, வெயில்ல காயப்போட்ட சட்டை மாதிரி ஆயிருச்சு" என்று உதட்டைப் பிதுக்கினார்.

"நீ வாய மூடிட்டுக் கட்டைய உருட்டுலே" என்றார் அண்ணன்.

மூக்கு வளைந்த அந்தக் கப்பல் பரளச்சிக்காரருடையது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு தன் சண்டைக் கப்பல் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டார். "இதக் கையில எடுக்கவே வேணாம். தொட்டாலே தெரியுது" என்றார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். அண்ணன் கையை யாரும் பிடிக்கவில்லை. பாயின் சரக்குக் கப்பலைச் சுட்டு வீழ்த்திவிட்டு, அதைத் துணியில் தேடி எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசியில் பரளச்சிக்காரரிடம் தோற்றுப்போனார். சாதாரணமாகத் தோற்கவில்லை, கட்டையைத் திட்டி, பரளச்சியைத் திட்டி, விசா கொடுத்த கம்பெனியையும் திட்டிவிட்டுத் தோற்றார். தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்தார். மதினி கதவோரம் நின்று, "தோத்த ஆளுக்கே இம்புட்டுச் சத்தமா? செயிச்ச ஆளு வாயே தொறக்கல" என்றார். பரளச்சிக்காரர் போனை எடுத்து, துணியில் நின்ற கப்பல்களை மறுபடி ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

நான் மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

இப்போதும் ஊர் ஊராகத்தான் போகிறேன், ஷட்டரும் சுவரும்தான் வேலை. முடிந்ததும் வேலை கொடுத்தவர் தள்ளி நின்று பார்த்து நல்லா இருக்கு என்பார், முன்பெல்லாம் அதோடு பையை எடுத்துவிடுவேன். இப்போது, அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாத ஒருத்தர் உள்ளே எங்கேயாவது பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.