பீசியா வீட்டுச் சாய்வுக் குழாய்

பீசியா என் எதிர்வீட்டுக்காரி. எங்கள் கட்டடத்தின் பத்தொன்பதாவது மாடியில் இருக்கிறோம். கீழே தெருமுனையில் மீன் உருண்டை சூப் விற்கிறாள். தைபேயில் அவளைவிடப் பெரிய வாயாடியை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

அவள் வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு தடித்த இரும்புக் குழாய் சாய்வாக நிற்கிறது. உள்ளே எண்ணெய். சூறாவளியிலோ நிலநடுக்கத்திலோ கட்டடம் தொட்டில் போல மெல்ல ஆடும்போது, அது நீண்டு சுருங்கி அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு மாடி விட்டு ஒரு மாடி, யாராவது ஒருவர் வீட்டில் இப்படி ஒன்று உண்டு. பதினேழாவது மாடிக்காரர் தன் வீட்டுக் குழாயைச் சிமெண்ட் பூசி மூடி, அதன்மேல் சாமி மாடம் வைத்துவிட்டார். அசைய முடியாத குழாய் இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? பீசியா அவர் வாசலில் நின்று கத்திக் கத்தியே சிமெண்டை உடைக்க வைத்தாள். மனிதர் இன்றுவரை அவளிடம் சூப் வாங்குவதில்லை.

பிறகு பீசியாவின் மகள் ரூவென்னுக்கு வரன் அமைந்தது. பிள்ளையின் அம்மா திருமதி சுவாங், வீட்டு லட்சணம் பார்க்கிறவரையும் கூட்டிவந்தாள். அவர் குழாயைப் பார்த்ததும், "வீட்டுக்குள்ள வாள் நிக்குது. இந்த தோஷம் பொண்ணு கூடவே வரும்" என்றார்.

"வெட்டி எடுத்துடுங்க சம்பந்தி. இல்லேன்னா சிமெண்ட் பூசுங்க. அதுவரைக்கும் மோதிரம் கிடையாது" என்றாள் திருமதி சுவாங்.

"வேணும்னா பட்டுத் திரை போடுறேன்" என்றாள் பீசியா. " நீங்க சொல்ற தோஷத்துக்காக மொத்தக் கட்டடத்தையும் ஆட விடச் சொல்றீங்களா?"

நிச்சயத்தன்று பெண்ணை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மாமியார்தான் மோதிரம் போடுவாள். அது விரலின் அடிவரை இறங்கினால் மாமியார் கை ஓங்கிவிடும் என்று எங்கள் பெண்கள் விரலைச் சற்றே மடக்கிக்கொள்வது வழக்கம். விவரமான மாமியார்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அன்று, சொன்னபடி பூசியிருப்பார்கள் என்று நம்பி வந்த திருமதி சுவாங், உள்ளே நுழைந்ததும் குழாயைத்தான் பார்த்தாள். சிமெண்டும் இல்லை, முந்தின நாள்வரை தொங்கிய பட்டுத் திரையும் இல்லை.

"நான் சொன்னது காதுல விழலியா?"

"நல்லா விழுந்துச்சு. அதான் திரையையும் கழட்டிட்டேன்" என்றாள் பீசியா.

திருமதி சுவாங் மோதிரப் பெட்டியைப் பட்டென்று மூடிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். ரூவென் அந்தப் பையனை எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும்.

"அத்தை, உக்காருங்க" என்றாள் ரூவென். நாற்காலியைவிட்டு அவள் எழவில்லை. "எங்கம்மா அதைத் தொட விடமாட்டாங்க. அவங்களே மனசு மாறினாலும் நான் விடமாட்டேன். இது தெரிஞ்சே போடுறதுன்னா போடுங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போங்க."

பையன் பெட்டியை வாங்கித் திறந்து, மோதிரத்தை அம்மா கையில் வைத்தான்.

திருமதி சுவாங்கின் முகம் சிவந்துபோனது. மோதிரத்தை ரூவென்னின் விரலில் மாட்டி வேகமாகத் தள்ளினாள். நடுக்கணுவில் நின்றுவிட்டது. இன்னொரு முறை பலமாக அழுத்தினாள். ரூவென் அவளைப் பார்த்துச் சிரித்தாள், விரலை நிமிர்த்தவில்லை.