வலையை அவிழ்த்த புகைக்காரர்

தெருத்தெருவாகக் கொசுப்புகை அடிப்பதுதான் அவர் பிழைப்பு. ஊருக்கெல்லாம் அவர் புகைக்காரர். தோளில் மெஷினோடு அவர் தலை தெரிந்தாலே ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலேரியா அவரை மூன்று தடவை புரட்டியெடுத்தது. பற்கள் தந்தியடிக்கும், கட்டிலே ஆடும். மனைவி மேலே சாய்ந்து அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

தொற்று வந்து ஊர் அடங்கிக் கிடந்த நாளில், கொசுமருந்துக் கிடங்கில் வண்டி டிரைவர் போனைப் பார்த்து ஒரு செய்தி வாசித்தார். மலேரியா அதிகமுள்ள பக்கங்களில் இந்தத் தொற்று குறைவாம். தொடர்பு இருக்கலாமாம், இன்னும் உறுதியில்லையாம்.

"அப்ப உனக்குக் கவலையே இல்லப்பா. மூணு தடவை முத்திரை குத்தியாச்சே!"

புகைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. 'இருக்கலாம்' என்றது காதில் ஏறவுமில்லை. மனைவிக்கு இளைப்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மலேரியா அவளைத் தொட்டதே கிடையாது. தொடவிடாமல் கொசுவலை கட்டிக் காத்த மகானுபாவர் இவர்தான்! அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியில், துவைக்க வேண்டும் என்று சொல்லி வலையை அவிழ்த்தார். ஜன்னலைத் திறந்து போட்டார். தம் தெருவில் மட்டும் மெஷினை அணைத்துவிட்டு நடந்தார். மலேரியாவுக்கு மாத்திரை இருக்கிறது, மற்றதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குப் புத்தி எங்கே போய் மேய்கிறது பாருங்கள்!

"என்னங்க, கொசு பிடுங்கித் தின்னுது. வலை இன்னுமா காயல?"

"காயட்டும், காயட்டும்."

ஒரு மத்தியானம் அவள் சுருண்டு படுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தார். அலைந்தபடியே வலை விஷயத்தை அழுது கொட்டிவிட்டார். நடுக்கம் வந்தால் போதும், மலேரியாதான், பிழைத்துக்கொள்வாள் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

"குளிருதாம்மா?"

"இல்லைங்க."

வாசலுக்குப் போய்விட்டு ஓடி வந்தார்.

"இப்ப? கொஞ்சமாவது குளிருதா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க... குளிருது. போர்த்திவிடுங்க."

அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. புகைக்காரர் போர்வையை எடுத்துப் போர்த்தினார். பிறகு மேலே சாய்ந்து, ஆடாத கட்டிலில் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.