பிடியில் ரெண்டு மில்லி

கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் அவருக்குப் பெயர் 'ரெண்டு மில்லி'. முப்பத்தோரு வருடமாக அவர் வாயில் ஒரே பேச்சு: எந்தச் சட்டத்தை அறுத்தாலும் அளவுக்கு மேல் ரெண்டு மில்லி விடு, பிறகு இழைத்துக்கொள்ளலாம், குறைந்துபோனால் அழுதாலும் ஒட்டாது. சலூனுக்குப் போனாலும் முடியில் ரெண்டு மில்லி விடச் சொல்வார் என்று மரம் அறுக்கும் மில்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த மனிதர் ஒரு வில் செய்ய உட்கார்ந்தார். மகளுக்கு.

மகள் வேறு ஊரில் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்குள்ள வில்வித்தை அணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் முப்பது வயது முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வாள். கடைசியில், "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிடுவாள். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். அவள் இந்த வீட்டுப் படியேறி நாலு வருடம். சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்தால் யாராவது நடுவில் புகுந்து பேசித் தீர்த்திருப்பார்கள்.

மில்காரரிடம் நன்றாகக் காய்ந்த மல்பெரிக் கட்டை ஒன்று கிடந்தது. நீளவாக்கில் பிளந்து இரண்டாக்கிக் கொடுத்தார்.

"வில்லா? யார் மேல அம்பு விடப் போறீங்க?"

"நீ அசையாம நின்னா உன் மேலதான்."

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. பட்டை இருந்த பக்கம் முதுகு. அதில் மரத்தின் ஒரே வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டால் வளைக்கும்போது அங்கேதான் முறியும். சுரண்டுவதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான். சுவரில் மாட்டி, கயிற்றால் கொஞ்சமே இழுத்துப் பார்த்து, பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் இரண்டு கைகளில் எது விறைப்பாக நிற்கிறதோ அதில் நாலு சுரண்டு. மறுபடி இழுத்துப் பார். பட்டறை முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் என்று இருபது நாள் ஓடியது. கடைசியாக, பிடிக்குச் சற்று மேலே அம்பு உட்கார ஒரு சின்னப் படி வெட்டினார். டீ கொண்டுவந்த மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பக்கம் எதுக்கு வெட்டியிருக்கீங்க?"

"அம்பு அங்கதான உட்காரும். இடது கையில வில்லு, வலது கையில நாண்."

"அவ எந்தக் கையால இழுப்பா?"

"எல்லாரும் இழுக்கிற கையாலதான்."

மனைவி போய்ப் போனை எடுத்துவந்தாள். மைதானத்தில் மகள் வில்லோடு நிற்கும் படம். இரண்டு வருடமாக அவர் தினமும் பார்க்கிற படம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பெரிதாக்கி முகத்தை மட்டுமே பார்ப்பார். இளைத்திருக்கிறாளா, கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்கிறதா என்று. மனைவி படத்தைச் சிறிதாக்கிக் காட்டினாள். வலது கையில் வில். இடது கை விரல்கள் நாணைத் தாடை வரை இழுத்துப் பிடித்திருந்தன.

ஆறு வயதில் அவள் இடது கையால்தான் எழுதினாள். அவர்தான் அந்தக் கையைப் பட்டறை நாடாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வலது கையில் பென்சிலைக் கொடுத்தார். நாலு மாதத்தில் சரியாகிவிட்டது என்று மில்காரரிடம் பெருமையாகச் சொன்னதும் அவர்தான்.

வெட்டிய படி வெட்டியதுதான். அந்த வில்லை ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டையின் மறுபாதியை எடுத்தார். அதன் நடுவில் ஒரு கணு. கணுவைச் சுற்றி மரத்தைக் கூடுதலாக விட்டு, வளையம் போன போக்கில் போனார். வில் அந்த இடத்தில் லேசாகப் புடைத்துக்கொண்டது. படி வெட்டும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டார்; உளி பழைய பக்கத்துக்கே போகப் பார்த்தது.

இழுவை சரியா என்று பார்க்க அவள் இழுப்பது போல இழுக்க வேண்டும். இடது கையால் இழுத்தார். பாதி தூரத்திலேயே கை நடுங்கியது. மெதுவாக விட்டுவிட்டு, மறுபடி இழுத்தார். மறுபடியும் நடுக்கம். ஆறு வயதில் வலது கையால் அவள் கோணலும் மாணலுமாக எழுதிய நோட்டு அவருக்கு ஞாபகம் வந்தது. "பாரு, நல்லாத்தான வருது" என்று அதைப் பார்த்து அவர் சொன்னதும்.

பார்சல் கட்டும்போது மனைவி வில்லைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"பிடி தடிமனா இருக்கே. மறந்துட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?"

"கையைப் பார்க்காம பிடியை எப்படி முடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அப்பாகிட்ட குடும்மா" என்றாள்.

"வில்லு வந்துச்சுப்பா."

"ம்."

"எந்தக் கைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"போட்டோல பார்த்தேன்."

"அது அனுப்பி ரெண்டு வருஷம் ஆச்சு."

"இப்பதாம்மா பார்த்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா இழுக்குதுப்பா. பிடிதான் கொஞ்சம் தடி" என்றாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லி இருக்கும்."

"ரெண்டு மில்லியா?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் மனைவி சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல ஒருத்தர் தேய்ச்சுத் தரேங்கறாரு."

"அவர்கிட்ட குடுக்காத. நீ பிடிச்சுக் காட்டணும், நான் பார்த்துப் பார்த்து எடுக்கணும். ஒரு மணி நேர வேலை."

"ஒரு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரம் பஸ்ல வரணுமா?"

"சரி, ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோ."

அவள் சிரித்தாளா, இருமினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "பார்க்கறேன்ப்பா. லீவு கேட்கணும்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள், "வரேன்னாளா?"

"பார்க்கறேன்னா."

அன்றே சுரண்டும் தகட்டைத் தீட்டி, முதல் வில் தொங்கும் ஆணிக்குக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் பட்டறையிலிருந்து வந்ததும் தகட்டை எடுத்து, துரு பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். பிடித்திருப்பதில்லை. இருந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைக்கிறார்.