களிமண்ணில் வரைந்த சதுரம்

தபால் வழியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே உப்பளத்தில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். கணித வரலாறு என்ற தாளில் ஒரு முறை தோற்றிருந்தேன். பாபிலோன், சீனா, அரபு நாடு என்று படித்த எதுவும் மனதில் ஒட்டவில்லை. யாரோ எங்கோ கண்டுபிடித்ததை நான் மனப்பாடம் செய்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு நான் போகும் பேருந்தில், கூனிமேட்டில் ஒரு பெண் ஏறுவாள். என்னைவிட இளையவள். கணவர் துபாயில் இருந்தார். அவளும் அதே தாளில் தோற்றவள் என்று தெரிந்த அன்றே சிநேகிதிகள் ஆகிவிட்டோம். சின்ன வயதில் மதரசாவில் அரபு படித்தவள். அல்ஜிப்ரா என்பதே அரபுச் சொல்தான், உடைந்ததைச் சேர்த்துப் பொருத்துவது என்று அர்த்தம் என்றாள். தெரியாத எண்ணை அந்தக் காலத்து அரபியர் 'ஷை', அதாவது வெறும் 'பொருள்' என்றார்களாம். நம் நாட்டில் அதற்கு நிறங்களின் பெயர் வைத்தார்கள், கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து எங்களுக்கு எக்ஸ் என்பது நீலம்தான்.

ஒரு கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் முப்பத்தொன்பது, எண் எது? ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பாக்தாத்தில் போட்ட கணக்கு. இருபுறமும் இருபத்தைந்தைக் கூட்டு என்றது புத்தகம். ஏன் இருபத்தைந்து என்று கேட்டோம். அப்படி எழுதினால் மார்க் வரும் என்றார் வகுப்பு எடுத்தவர்.

2006 பொங்கல் கழிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விசா தயார், கணவர் அடுத்த மாதமே கிளம்பி வரச் சொல்கிறார் என்றாள். தேர்வோ மே மாதம். அதே உப்பளத்தில் வேலையில் இருந்த அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க நான் கிளம்பியபோது அவளும் கூட வந்தாள்.

சீசனுக்காகப் பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்தார்கள். ஒரு சதுரப் பாத்தியைப் பெரிதாக்க, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் நீளப் பட்டையாக மண் மிதித்திருந்தார்கள். இரண்டு பட்டைகளும் சேர வேண்டிய மூலை மட்டும் பாக்கி. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அந்த மூலைய பாருங்க. அதான் இருபத்தஞ்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் குச்சியால் ஒரு சதுரம் போட்டாள். அதன் ஒரு பக்கத்தின் அளவு நீலம். பத்து நீலத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலத்தில் இரண்டு பட்டைகளாக ஒட்டினாள். மொத்தம் முப்பத்தொன்பது. மூலையில் ஐந்துக்கு ஐந்து காலி. அதை நிரப்பினால் அறுபத்துநான்கு, எட்டுக்கு எட்டு முழுச் சதுரம். எட்டில் ஐந்து போக மூன்று, அதுதான் நீலம். நானும் உட்கார்ந்து, வேறு எண் வைத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. வெயிலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அடுத்தடுத்து வரைந்தோம். பாபிலோன்காரர்களும் ஈரக் களிமண்ணில்தான் கணக்கு எழுதினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கையிலும் இப்படித்தான் சேறு ஒட்டியிருக்கும். மேஸ்திரி வந்து, போகும்போது அழித்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியிலேயே அவள் கணவருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"பரீட்சை எழுதிட்டு வர்றேங்க. இந்த தடவ எனக்கு புரிஞ்சிடுச்சு."

அந்தப் பக்கமிருந்து அவர் எதையோ சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடித்துவிட்டே வா என்றாராம்.

மே மாதம் இருவரும் எழுதினோம், இருவரும் தேறினோம். நான் பி.எட். சேர்ந்தேன். துபாயில் நம்மவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொல்லி அவள் புறப்பட்டாள். வழியனுப்பக் கூனிமேட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியில் எடை கூடிவிட்டது. அவள் மாமியார் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவளுடைய கணக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்தார்.